87 செ.மீ. ஆண் சுறாவும் அதன் பெயர்ச்சீட்டுகளும்

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையின் மாதிரிப் பதிவேட்டில் சென்ற மாதம் ஒரு வரியை அடித்துத் திருத்தினேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் நானே எழுதிய வரி அது. ‘சென்ட்ரோஃபோரஸ் கிரானுலோசஸ், ஆண், 87 செ.மீ., தூத்துக்குடி’ என்றிருந்ததில் இரண்டாவது சொல் தவறு. பால், நீளம், ஊர் எல்லாம் சரி. பெயர் மட்டும் வேறொரு மீனுக்கு உரியது. கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. மரபணுச் சோதனை செய்து, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, மிகுந்த நம்பிக்கையுடன் செய்த பிழை அது. ஆழ்கடல் சுறாக்களில் நெருங்கிய உறவுள்ள இனங்களைப் பிரித்தறிவதில் எங்கெங்கே வழுக்கும் என்பதைச் சொல்ல இந்த ஒரு மீனே போதும் என்பதால் அதன் கதையை இங்கே எழுதிவைக்கிறேன்.

மதுரையில் இருந்துகொண்டு ஆழ்கடல் மீனைப் பற்றிப் பேசுகிறவனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. மாட்டுத்தாவணியில் விடியற்காலைப் பேருந்து ஏறினால் அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே ஆழ்கடல் இறாலுக்காக இருநூறு மீட்டருக்கும் கீழே இழுவைமடி போடும் விசைப்படகுகள் கரைக்கு வரும்போது, இறாலோடு சேர்ந்து யாரும் விலைபேசாத சிறு சுறாக்களும் வந்து குவியும். அவற்றில் பெரும்பாலானவை எரிடாக்னிஸ் ராட்கிளிஃபை என்னும் குட்டிச் சுறா; முழு வளர்ச்சி அடைந்தாலும் ஒரு சாண் நீளத்தைச் சற்றே தாண்டும். அந்தக் குவியலை நான் கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்த வியாபாரி, “இது தீவனத்துக்குப் போறதுல்லா சார், வேணுங்கிறத எடுத்துக்கிடுங்க” என்றார். அடியில், கரும்பழுப்பு நிறத்தில், கோலிக்குண்டைப் போன்ற பச்சைக் கண்களோடு இந்த ஆண் சுறா கிடந்தது.

பேரினம் எது என்பதில் சிக்கல் இல்லை. முதுகுத் துடுப்புகள் இரண்டின் முன்னும் பள்ளக்கோடு விழுந்த ஒரு முள். குதத் துடுப்பு கிடையாது. மார்புத் துடுப்பின் உள்மூலை பின்னோக்கிக் கூராக இழுத்துவிட்டதைப் போல் நீண்டிருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் சென்ட்ரோஃபோரஸ். முள்ளில் பள்ளக்கோடு இல்லாமல் வால் தண்டின் இருபுறமும் ஒரு மேடு ஓடினால் அது ஸ்குவாலஸ். மூக்கு அளவுக்கு மீறி நீண்டு தட்டையாக இருந்து, தோலின் செதில்கள் முள்கரண்டியைப் போலக் கிளைத்திருந்தால் டீனியா. டீனியாவிலேயே ப்ரொஃபண்டோரம் என்ற இனத்துக்கு வால் தண்டின் அடியில் ஒரு மெல்லிய தோல் வரப்பு உண்டு. விரலை ஓட்டினாலே தெரிந்துவிடும். எல்லா இனங்களும் இப்படி இருந்துவிட்டால் வகைப்பாட்டியல் எளிய பிழைப்பாகிவிடும்.

சென்ட்ரோஃபோரஸுக்குள் நுழைந்தால் இந்தச் சுகம் முடிந்துபோகும். இந்தப் பேரினத்தின் இனங்கள் நிறத்திலும் வடிவத்திலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல இருப்பவை. அங்கே முதலில் கைகொடுப்பது தோல். சுறாவின் தோலில் இருப்பவை பிளக்காய்டு செதில்கள். அமைப்பில் ஒவ்வொன்றும் ஒரு பல்தான். முதல் முதுகுத் துடுப்புக்குக் கீழே பக்கவாட்டுத் தோலில் ஒரு சதுர சென்டிமீட்டர் வெட்டி, தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகே உருப்பெருக்கியின் அடியில் வைக்கவேண்டும். ஈரம் இருந்தால் ஒளி பட்டு எல்லாம் ஒன்றாக மின்னும். ஸ்குவாமோசஸ் என்ற இனத்தில் செதில்கள் சிறு காம்பின் மேல் நிற்கும் இலைகளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். வாலிலிருந்து தலை நோக்கித் தடவினால் கை அரமாகச் சிராய்க்கும். என் மேசையில் இருந்த மீனில் காம்பு இல்லை. தளக்கற்களை நெருக்காமல் பதித்ததைப் போலத் தட்டையான சாய்சதுரங்கள் தனித்தனியே உட்கார்ந்திருந்தன. ஆக, ஸ்குவாமோசஸ் கழிந்தது. கிரானுலோசஸ், உயாட்டோ உள்ளிட்ட மற்ற பல இனங்களில் காம்பில்லாச் செதில்களே என்பதால் கேள்வி அங்கேயே நின்றது. போதாததற்கு, மீன் வளர வளரச் செதிலின் வடிவமும் மாறும். இளம் மீனின் தோலையும் முதிர்ந்த மீனின் தோலையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு இனம் என்று எழுதியவர்கள் உண்டு.

கிரானுலோசஸ் என்ற பெயருக்கு நேர்ந்தது ஏறக்குறைய அதுதான். அந்தப் பெயர் 1801-இல் ப்ளாக், ஷ்னைடர் இருவரின் நூலில் வந்தது. மார்கஸ் ப்ளாக் பெர்லினில் இருந்த மருத்துவர். தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் நம் கரை மீன்களைச் சாராயத்தில் போட்டு அவருக்குக் கப்பலில் அனுப்பிவந்தார். நாம் உண்ணும் கத்தாழை மீன்களின் ஒரு பேரினத்துக்கு ஜோனியஸ் என்று பெயர் அமைந்தது அவர் நினைவாகத்தான். (எங்கள் சுறாவுக்கும் தரங்கம்பாடிக்கும் தொடர்பில்லை, வகுப்பில் ப்ளாக்கின் பெயர் வரும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் எனக்கு விட்டுப்போக மனம் வராது.) 1801-இன் விவரிப்பு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு பெரிய மீனைப் பற்றியது. பின்னால் வந்தவர்களோ இந்தப் பெயரைச் சிலர் பெரிய மீனுக்கும், சிலர் ஒரு மீட்டர் அளவோடு நின்றுவிடும் சிறிய மீனுக்கும் வைத்துக்கொண்டார்கள். பெரிய மீனுக்கு 1906-இல் கார்மன் ஆகஸ் என்றும், 1959-இல் தெங் நியாவ்காங் என்றும் புதுப்பெயர்கள் சூட்டினார்கள். 2013-இல் வில்லியம் ஒயிட், டேவிட் எபர்ட் உள்ளிட்ட சுறா ஆய்வாளர்கள் உட்கார்ந்து, கிரானுலோசஸ் என்பது பெரிய மீனே என்று நிறுவி, அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மீனாக, அதாவது வகைமாதிரியாக, புதிதாக ஒன்றையும் நியமித்து, ஆகஸும் நியாவ்காங்கும் அதன் மறுபெயர்களே என்று தீர்த்துவைத்தார்கள். சிறிய மீனின் கணக்கு அதற்குப் பிறகும் இழுத்தது. 1810-இல் ரஃபினெஸ்க் வைத்த உயாட்டோ என்ற பெயரை மீட்டு, 2008-இல் ஆஸ்திரேலியக் கரையிலிருந்து புதிய இனமாக எழுதப்பட்ட சீஹானியையும் அதற்குள் சேர்த்து 2022-இல்தான் முடித்தார்கள்.

இந்த வரலாறு எனக்குத் தெரியாமல் இல்லை. 2013-இன் கட்டுரையைப் படித்திருந்தேன். அப்படியும் வழுக்கினேன்.

தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த அன்றே, ஃபார்மலினில் போடுவதற்கு முன், முதுகுத் துடுப்பின் அடியிலிருந்து உளுந்தளவு வெள்ளைத் தசையை எடுத்து 95 விழுக்காடு எத்தனாலில் வைத்தேன். இந்த வரிசை மாறக்கூடாது. ஃபார்மலின் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் ஒன்றோடொன்று பிணைத்துத் துண்டாக்கிவிடும். பிறகு அதிலிருந்து நீளமான வரிசையைப் படித்தெடுப்பது பெரும்பாடு. எங்கள் துறையின் பழைய ஜாடிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த விதத்தில் வாய் அடைக்கப்பட்டவைதான். தசையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. என்ற மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகள் நீளமுள்ள பகுதியைப் பி.சி.ஆரில் பெருக்கி, வரிசையைப் படிக்க வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். வந்த வரிசையைப் பொதுத் தரவு வங்கியில் தேடியபோது முதலில் நின்ற பெயர் கிரானுலோசஸ். 650 எழுத்துகளில் ஒன்றே ஒன்றுதான் வேறுபட்டது. அன்று மாலையே பதிவேட்டில் எழுதி, ஜாடிக்குள் சீட்டும் போட்டுவிட்டேன்.

அந்த வங்கிப் பதிவு எந்த ஆண்டில் சேர்க்கப்பட்டது என்று நான் பார்க்கவில்லை. அது 2013-க்கு முந்தையது; சிறிய மீனைக் கிரானுலோசஸ் என்று அழைத்துவந்த காலத்தில் யாரோ அந்த வழக்கப்படியே எழுதிவைத்தது. கணினி சொன்னது, ‘உன் மீனும் அந்த மீனும் ஒன்று’ என்பது மட்டுமே. அந்தக் கூற்று உண்மை. அந்த மீனுக்கு அங்கே ஒட்டியிருந்த பெயரையும் சேர்த்து நம்பியது என் பங்கு. டி.என்.ஏ. வரிசைக்குத் தானாகப் பெயர் கிடையாது. ஒரு மனிதர் ஒரு மீனை மேசையில் கிடத்தி, அளந்து, பெயர் சொன்ன பிறகுதான் அந்த எழுத்துகளுக்குப் பெயர் ஒட்டுகிறது. முன்னவர் உடலைப் பார்த்ததில் தவறினால், பின்னால் வரும் நூறு பேரின் மரபணுச் சோதனையும் அந்தத் தவறைத் துல்லியமாக எதிரொலிக்கும்.

எட்டு ஆண்டுகள் அந்த ஜாடி அப்படியே இருந்தது. கண்டுபிடித்தது நான் இல்லை. ராமேஸ்வரம் பக்கமிருந்து வந்து முதுகலை முதலாண்டு படிக்கும் ஒரு மாணவி, சுறாக்களின் இனப்பெருக்க உறுப்புகளை வரையும் செய்முறை வகுப்பில் இந்த மீனைத் தட்டில் எடுத்து வைத்திருந்தார். அவருடைய அப்பா கடலுக்குப் போகிறவர். ஆண் சுறாவுக்கு இடுப்புத் துடுப்பின் உள்விளிம்பில், பின்னோக்கி நீண்ட இரண்டு விரல்களைப் போல் கிளாஸ்பர் என்னும் இணையுறுப்பு இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “சார், இது கல்லு மாதிரி இருக்கு. ஒன்றரை மீட்டர் வளர்ற மீனோட குஞ்சுக்கு இப்படி இருக்காதுல்ல?” என்று கேட்டார்.

ஃபார்மலினில் எட்டு ஆண்டுகள் ஊறினால் எதுவும் விறைத்துத்தான் இருக்கும் என்று சொல்லி நான் முதலில் தட்டிக்கழித்தேன். சொல்லிவிட்டு நானும் கையுறையை மாட்டிக்கொண்டு பார்த்தேன். இளம் ஆணுக்குக் கிளாஸ்பர் இடுப்புத் துடுப்பின் நுனிக்குள்ளேயே ஒடுங்கியிருக்கும். இங்கே அது துடுப்பைத் தாண்டிப் பின்னால் நீண்டிருந்தது. முதிர்ந்த ஆணுக்கு அதன் அடிமூட்டு தளர்ந்து, உறுப்பை முன்பக்கமாகத் திருப்ப முடியும்; விறைப்பையும் மீறி இது கொஞ்சம் திரும்பிக்கொடுத்தது. கிரானுலோசஸ் ஆண்கள் ஒரு மீட்டரைத் தாண்டிய பிறகே முதிர்ச்சி அடைபவை. 87 சென்டிமீட்டரில் முழுதும் முதிர்ந்த ஆணாக நிற்கும் ஒரு மீன் அந்த இனமாக இருக்கவே முடியாது. இதற்கு அரைச்சாண் அளவுகோலும் ஒரு கட்டைவிரலும் போதும். பல ஆயிரம் ரூபாய் செலவழித்துப் படித்த வரிசையை எடுத்துக்கொண்டு நான் ஓடியபோது, இந்த விரலளவுச் சான்று ஜாடிக்குள் மூழ்கிக் கிடந்திருக்கிறது.

ஐயத்துக்கு இடமில்லாமல் செய்ய எக்ஸ்ரே எடுத்துவிடுவோம் என்று தோன்றியது. அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்களிடம் பெயர் தெரியாமல் கிடக்கும் ஸ்குவாலஸ் மீன்கள் நான்கு உண்டு. ஸ்குவாலஸில் முதுகெலும்புகளை எண்ணாமல் ஒரு வார்த்தை பேசமுடியாது. கொல்லம் அருகே சக்திகுளங்கரை மீன்பிடித் துறைமுகத்தில் கிடைத்த மீன்களைக் கொண்டு இந்திய விலங்கியல் ஆய்வகத்தினர் 2024-இல் ஸ்குவாலஸ் ஹிமா என்ற புதிய இனத்தை விவரித்தார்கள். அதைச் சொந்தக்கார இனங்களிலிருந்து பிரித்துக் காட்டிய குறிகளுள் முதுகெலும்பு எண்ணிக்கையும் பற்களின் எண்ணிக்கையும் உண்டு. ஆகவே ஐந்து மீன்களையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கல்லூரிக்கு அருகில் உள்ள ஒரு ஸ்கேன் சென்டருக்கு, நோயாளிகள் கூட்டம் கலைந்த இரவு ஒன்பதரை மணிக்கு மேல் எடுத்துப்போனோம். உரிமையாளர் எங்கள் பழைய மாணவரின் உறவினர். இயந்திரத்தை இயக்கிய இளைஞர் முகத்தைச் சுளிக்கவில்லை. ஆனால் கணினியில் விவரம் நிரப்பாமல் படம் எடுக்க முடியாது என்றார். “பேஷண்ட் பேரு என்னன்னு போடட்டும் சார்?” என்று கேட்டபோது, பெயர் தெரியாமல்தானே வந்திருக்கிறோம் என்று மாணவி சொன்னார்.

குருத்தெலும்புக்குப் படத்தில் எலும்பின் அளவு வெண்மை வராது. அவர் இரண்டு முறை கதிரின் வீரியத்தைக் குறைத்த பிறகே முதுகெலும்புகள் தெளிந்தன. சுறாவின் முதுகெலும்பில் ஒரு நுட்பம் உண்டு. உடலின் முன்பாதியில் ஒவ்வொரு தசைக்கண்டத்துக்கும் ஒரு முள்ளெலும்பு. இடுப்பை நெருங்கும் இடத்தில் அது கண்டத்துக்கு இரண்டாக மாறும். படத்தில் நீளமான கட்டைகளாக வந்துகொண்டிருந்த வரிசை திடீரென்று பாதி நீளக் கட்டைகளாக மாறும் இடம் அது. முன்வரிசையில் எத்தனை, அங்கிருந்து வால் துடுப்பு தொடங்கும் வரை எத்தனை, வாலுக்குள் எத்தனை என்று குண்டூசி நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணவேண்டும். நானும் மாணவியும் தனித்தனியே எண்ணி, இருவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகும்வரை திரும்ப எண்ணினோம். ஒரு மீனுக்கு மட்டும் நான்கு முறை ஆயிற்று. ஆண் சென்ட்ரோஃபோரஸின் படத்தில் முள்ளெலும்புகளை நான் முதலில் பார்க்கவில்லை. கண் நேராகப் போனது இடுப்புக்கு. கிளாஸ்பரின் குருத்தெலும்புத் தண்டுகள் இரண்டும் முதுகெலும்பைப் போலவே சுண்ணாம்பு ஏறி வெளுத்துத் தெரிந்தன. விறைப்புக்குக் காரணம் ஃபார்மலின் இல்லை.

இதனால் மரபணு வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகஸும் நியாவ்காங்கும் கிரானுலோசஸின் வளர்ச்சி நிலைகளே என்பதைப் போன்ற முடிவுகளை உடலமைப்பை மட்டும் வைத்து நம்பிக்கையோடு சொல்வது கடினம். வட பசிபிக்கின் ‘ஸ்குவாலஸ் சக்லியை’ என்னும் சுறா, ‘ஸ்குவாலஸ் அகாந்தியஸ்’ என்னும் சுறாவிலிருந்து வேறான இனம் என்று 2010-இல் மீட்டெடுத்ததிலும் உடல் அளவுகளோடு மரபணுவும் சேர்ந்தே சாட்சி சொன்னது. ஆனால் சுறாக்களில் மரபணு ஒரு கருமி. சுறாக்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., பாலூட்டிகளுடையதைவிட ஏழெட்டு மடங்கு மெதுவாக மாறுகிறது என்று மார்ட்டின், நேலர், பலும்பி ஆகியோர் 1992-இலேயே காட்டிவிட்டார்கள். மற்ற மீன்களில் இரண்டு விழுக்காடு வேறுபாட்டைக் கண்டால் வேறு இனமாக இருக்கலாம் என்று நிமிர்ந்து உட்காருகிறோம். சென்ட்ரோஃபோரஸில் சில இனங்களுக்கு இடையே சி.ஓ.ஐ. வேறுபாடு ஒரு விழுக்காட்டையும் எட்டாது. ஒற்றை எழுத்து வேறுபாட்டை ‘ஒரே இனம்’ என்று நான் வாசித்தது இந்தப் பேரினத்தில் அவ்வளவு உறுதியான வாசிப்பும் இல்லை. அதனால்தான் சுறா ஆய்வாளர்கள் சி.ஓ.ஐ.யோடு நிற்காமல் 1,044 எழுத்துகள் நீளமுள்ள என்.ஏ.டி.ஹெச்.2 மரபணுவையும் படிக்கிறார்கள். இவை இரண்டுமே தாய்வழி மட்டும் இறங்குபவை என்பதையும் மறக்கக்கூடாது. தந்தை வேறு இனமாக இருந்தாலும் இந்த எழுத்துகளில் அதன் சுவடு இருக்காது.

பெயர் சரியாக இருந்து என்ன ஆகப்போகிறது என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். சென்ட்ரோஃபோரஸ் சுறாக்களைத் தேடிப் பிடிப்பது முக்கியமாக ஈரலுக்காக. உடல் எடையில் ஏறத்தாழ கால்பங்கு வரை போகும் அந்த ஈரலின் எண்ணெயில், அழகுசாதனப் பொருள்களிலும் மருந்துகளிலும் சேர்க்கப்படும் ஸ்குவாலீன் என்ற கொழுப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. கேரளத்தில் கொச்சியை மையமாகக் கொண்டு இருபது ஆண்டுகளுக்கு முன் இதற்கென்றே ஒரு மீன்பிடிப்பு எழுந்தது. பெரிய கிரானுலோசஸ் ஒரு ஈற்றில் பல குட்டிகள் போடக்கூடியது. சிறிய உயாட்டோவோ, மத்தியத்தரைக் கடலில் பார்த்தவரை, ஒரே ஒரு குட்டியை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சுமந்து ஈனுகிறது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவைத்தால், ஒற்றைக் குட்டி போடும் மீன் பல குட்டிகள் போடுவதாகக் கணக்கில் ஏறும்; எவ்வளவு பிடிக்கலாம் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையோரச் சரிவில் 1976-77-இல் இழுத்த அதே இடங்களில் 1996-97-இல் மறுபடி இழுத்துப் பார்த்தபோது, சென்ட்ரோஃபோரஸ் பேரினத்தின் அளவு 98 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. கேட்டவர்களுக்கு இந்த எண்ணைத்தான் சொன்னேன். அதன் பிறகு பெயரைப் பற்றிக் கேள்வி வரவில்லை.

பதிவேட்டில் இப்போது ‘சென்ட்ரோஃபோரஸ், உயாட்டோவை ஒத்தது’ என்று எழுதியிருக்கிறேன். ‘உயாட்டோ’ என்று தீர்மானமாக எழுதாததற்குக் காரணம், எங்கள் கையில் இருப்பது ஒரே ஓர் ஆண். இதே கரையிலிருந்து முதிர்ந்த பெண்ணும் குட்டியும் கிடைத்து, இரண்டாவது மரபணுவையும் படித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். எத்தனாலில் வைத்த தசை இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

ஜாடிக்குள் இருக்கும் பழைய சீட்டை எடுத்துவிடலாமா என்று மாணவி கேட்டார். எடுக்கக்கூடாது. தவறான பெயரும் அந்த மீனின் ஆவணம்தான். யார், எப்போது, என்னவென்று நினைத்தார்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியவேண்டும். மை கரைந்துவிடும் என்பதால் பென்சிலால் எழுதிய புதிய சீட்டை அவரே உள்ளே இறக்கினார். எக்ஸ்ரேயின் தேதியும் எண்ணும் எழுதிய இன்னொரு சீட்டும் போயிற்று. மூன்று சீட்டுகளும் கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டு மீனின் முகத்தை மறைத்ததால், ஜாடியைக் கொஞ்சம் திருப்பிவைத்தோம்.